ஏழாம் வகுப்புப் பிரெஞ்சும் முதல் தூக்கும்

பிப்ரவரி 12

வடமேற்குக் காற்று. துறையில் பனிக்கட்டி இறுகிக் கிடக்கிறது. மீன் அடை சுட்டேன். கடுகு ஊறுகாயில் கடைசி பாட்டிலைத் திறந்தாயிற்று. லோவெல் கொட்டகையில் சிங்கி இறால் பிடிக்கிற கூடுகளைச் செப்பனிட்டுக்கொண்டு இருந்தவன், சூடெல்லாம் ஆறிய பிறகுதான் சாப்பிட வந்தான். ஐம்பது வயது மகனை இன்னும் நான்தான் கத்திக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

டெஸ்ஸா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் சொன்னாள். செப்டம்பரில் ஏழாம் வகுப்பை முழுக்கப் பிரெஞ்சிலேயே படிக்கப் போகிறாளாம். கணக்கு, அறிவியல், சரித்திரம், எல்லாமே. பிரெஞ்சு டீச்சர் மேடம் தோய்ரோன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு நாக்கு நன்றாகத் திரும்புகிறது, தைரியமாகச் சேர் என்று சொன்னாராம்.

எனக்கு ஆச்சரியமில்லை. இந்த நாட்டில் எந்தப் பெட்டியை வாங்கினாலும் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பிரெஞ்சு. எழுபது வருஷமாக நான் கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியின் ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்தே சாப்பிட்டவள். பெட்டியைத் திருப்பிவைத்துப் படித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் இவள்தான்.

இவள் என் இளைய மகன் கிராண்டின் பெண். பத்து வயதில் ஆல்பர்ட்டாவிலிருந்து என்னிடம் வந்தாள். தாய் விட்டுப் போய்விட்டாள், தகப்பன் எண்ணெய் வயல் முகாமில் கிடக்கிறான். டவுன் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்துவிடுவார்கள். ஐந்து வயதில் இவளுக்காக யோசிக்க யார் இருந்தார்கள்? ஏழாம் வகுப்பில் சேரலாம் என்பது பிந்தி வந்தவர்களுக்கென்று வைத்த வாசல்.

கூட்டுறவுக் கடையில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். பெருமைதான். இருக்கட்டும்.

பிப்ரவரி 13

இன்று வெண்ணெய் டப்பாவும் பிரெஞ்சுப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது.

பிப்ரவரி 26

முடி வெட்டப் போன இடத்தில் என் சிநேகிதி பெர்னிஸ் காதில் போட்டாள். "ஏண்டி எல்வா, உன் பேத்தி படிக்கப்போறான்னு ஊரெல்லாம் சொன்னியே, அந்த வகுப்பையே மூடப்போறாங்களாமே, தெரியுமா?" பாதி வெட்டிய தலையோடு எழுந்து வந்து மேடம் தோய்ரோனுக்குப் போன் போட்டேன்.

உண்மைதான். பிள்ளைகள் குறைவாம், பிரெஞ்சில் கணக்கு சொல்லித்தர டீச்சர் கிடைப்பதில்லையாம். ஐந்து வயதில் சேர்கிற வகுப்பு மட்டும் இருக்குமாம். அது எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் என்றைக்குமே கிடையாது.

கிராண்டுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது, ஒரு காலம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு மொழியும் வருமா என்று கேட்டார். இவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். அடுத்த மாசம் மேற்கே விமானம் ஏறினான். ஒரு மொழி கூட இருந்திருந்தால் இன்று அவன் என் சமையலறையில் உட்கார்ந்து சூப்பில் உப்பு இல்லை என்று குறை சொல்லிக்கொண்டிருப்பான்.

டெஸ்ஸாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 27

அவளுக்கு நேற்றே தெரிந்திருக்கிறது. என்னிடம்தான் சொல்லவில்லை.

மார்ச் 14

தீயணைப்பு நிலைய ஹாலில் கூட்டம். கல்வி அலுவலகத்திலிருந்து மிஸ் பென்ரோஸ் வந்திருந்தாள். கெட்டவள் இல்லை. அப்படியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். பொறுமையாகக் கேட்டாள், எழுதிக்கொண்டாள், பெர்னிஸ் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்டுக் கொண்டுவந்த பலகாரத்தில் இரண்டாம் துண்டும் சாப்பிட்டாள்.

கடைசியில் சொன்னாள், பதினைந்து பிள்ளைகள் பேர் கொடுத்தால் வகுப்பு நடக்கும், ஒன்று குறைந்தாலும் நடக்காது. ஏப்ரல் பதினைந்துக்குள் கொடுக்க வேண்டும்.

நான் எழுந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, டின் அடைக்கிற ஆலையில் சிங்கி இறாலின் கொடுக்கு உடைக்கப் போனவள் நான். மைக்கைப் பிடித்ததே இல்லை. ஆனாலும் பிடித்தேன். சொன்னேன், ஏப்ரல் பதினைந்து எங்கள் துறையில் ஆகாது. இங்கே வசந்தத்தில் முதல் தூக்கு முடியாமல் யாரும் புதிதாக எதற்கும் பேர் கொடுக்க மாட்டார்கள். வண்டி வாங்க மாட்டார்கள், கல்யாணத் தேதி குறிக்க மாட்டார்கள், பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம்கூடத் தள்ளிப் போகும். கடல் கொடுக்குமுன் கையை நீட்டக் கூடாது என்பது இங்கே வழக்கம். முதல் கூடு தூக்கி, முதல் சிங்கி கரைக்கு வந்த பிறகு கேளுங்கள், எல்லோரும் வருவார்கள்.

அப்படியானால் எந்தத் தேதி என்று மிஸ் பென்ரோஸ் கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஏப்ரல் இருபத்தொன்பது கூடு இறக்கும் நாள், மறுநாள் முதல் தூக்கு, நீங்கள் மே மூன்று என்று வையுங்கள், வெள்ளிக்கிழமை, என்றேன். சரி என்று எழுதிக்கொண்டாள். ஹாலில் எல்லோரும் கை தட்டினார்கள். டெஸ்ஸா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒருத்தரும் என்னைப் பார்த்ததில்லை.

லோவெலோடு வண்டியில் வந்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "ஏம்மா, காத்தைக் கேக்காம தேதி சொல்லிட்டியே."

மார்ச் 30

வீடு வீடாகப் போகிறேன். பேர் கேட்கவில்லை, வாக்கு மட்டும் கேட்கிறேன். எல்லா வீட்டிலும் டீ. வயிறு ஊதிப்போயிற்று.

முதல் தூக்கு ஆகட்டும் எல்வா, அன்றைக்கே போய்ப் பேர் கொடுத்துவிடுகிறோம் என்கிறார்கள். பதினைந்துக்கு மேலேயே தேறும். என் காலம் முழுக்க இந்தத் துறையில் வாய்வார்த்தையில்தான் படகு கைமாறியிருக்கிறது.

கேரி ஆன் மட்டும் சிரித்தாள். சின்ன வயசு, இரட்டைப் பிள்ளைகளின் தாய். அவளுக்கு இந்த முதல் தூக்குக் கதையில் நம்பிக்கை இல்லையாம். "நான் நாளைக்கே குடுத்துடுவேன் எல்வாம்மா. ஆனா என் வீட்டுக்காரரு, அன்னிக்குப் படகுல ஏதாவது ஆச்சுன்னா உன்னாலதான்னு காலம்பூரா சொல்லிக் காட்டுவாரு." சரி, காத்திரு என்று நானே சொன்னேன்.

ஏப்ரல் 9

மேடம் தோய்ரோன் வந்தார். எங்கள் தீவின் மேற்குக் கோடியில் பிறந்தவர், வீட்டில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் மீன்பிடிப்பவர்தான், ஆனால் அந்தத் துறையில் இந்த வழக்கம் இல்லையாம். சிலரையாவது இப்போதே பேர் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். டெஸ்ஸாவின் பேரையாவது.

முடியாது என்றேன். ஹாலில் எழுந்து நின்று ஊர் வழக்கம் பேசியவளே அதை மீறினால் என்ன மரியாதை? தவிர, லோவெல் படகில்தான் எங்கள் மூன்று பேர் சாப்பாடும். அவனை வைத்துக்கொண்டு நான் எப்படி?

அவர் போய் டெஸ்ஸாவுடன் உட்கார்ந்து பிரெஞ்சில் பேசினார். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. புரியாமலே கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினேன். குழந்தை தடுக்கித் தடுக்கிப் பேசுகிறாள், ஆனால் நிறுத்தவில்லை. நடுவில் ஒரு தரம் இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும்.

ஏப்ரல் 28

படகுகளில் கூடுகள் வீடு உயரத்துக்கு அடுக்கியாயிற்று. துறை முழுக்க இரை மீன் நாற்றம். வானம் சரியில்லை.

ஏப்ரல் 29

வடகிழக்குக் காற்று. கூடு இறக்கவில்லை. நாளைக்கு என்கிறார்கள்.

ஏப்ரல் 30

நாளைக்கு என்கிறார்கள்.

மே 1

லோவெல் அதிகாலையில் துறைக்குப் போய், மற்றவர்களோடு வண்டிக்குள் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். அலை தடுப்புச் சுவரைத் தாண்டி அடிக்கிறதாம். எல்லாக் கூடும் படகிலேயே இருக்கிறது. இப்படி ஏற்றிய படகோடு வெளியே போனால் கவிழ்ந்துவிடும், யாரும் போகக் கூடாது. எனக்கே தெரியும்.

மிஸ் பென்ரோஸுக்குப் போன் போட்டேன். குரல் பதிவுதான் கேட்டது. காற்று அடிக்கிறது, ஒரு வாரம் தள்ளி வையுங்கள் என்று அந்த இயந்திரத்திடம் சொன்னேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. காற்றடிக்கிறது என்று டவுன் அலுவலகத்தில் எவர் ஒத்துக்கொள்வார்கள்?

மே 2

திருப்பிக் கூப்பிட்டாள். அன்பாகத்தான் பேசினாள். வெள்ளி மாலை எல்லாப் பள்ளிகளுக்கும் டீச்சர்களைப் பிரித்து ஒதுக்கிவிடுவார்களாம். அதற்குப் பிறகு அவள் கையில் ஒன்றும் இல்லையாம். "தேதி நீங்க சொன்னதுதானே மிசஸ் மக்ஃபீ" என்றாள். குத்திக்காட்டவில்லை. நினைவுபடுத்தினாள்.

காற்று இன்னும் அடிக்கிறது.

மே 3

காலையிலிருந்து வீடு வீடா ஏறி இறங்கிட்டேன். எல்லாரும் உள்ளே கூப்பிடறாங்க, நாற்காலி போடறாங்க, டீ ஊத்தறாங்க. பேர் மட்டும் குடுக்க மாட்டேங்கறாங்க. இத்தனை வருஷம் இல்லாம இந்த வருஷம் மட்டும் எதுக்கு எல்வா, நீதானே அன்னிக்கு ஹால்ல எந்திரிச்சு சொன்னே, அப்படிங்கறாங்க. நாந்தான் சொன்னேன். என் வாயால நாந்தான் சொன்னேன்.

பெர்னிஸ் மட்டும் வாசலிலேயே நின்றாள். அவளுக்கு ஒரு பேரன், டெஸ்ஸா வயசு. அவள் தம்பி போய்த் திரும்பாத படகைப் பற்றி நான் பேசக் கூடாது, அவளும் பேசவில்லை. அந்த வருஷம் அவர்கள் முதல் தூக்குக்கு முன்னால் புது வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தார்கள். "உனக்காக என்ன வேணும்னாலும் செய்வேண்டி. இதைக் கேக்காதே" என்றாள். கேட்காமல் வந்தேன்.

கேரி ஆன் கொடுத்துவிட்டாள். புருஷனுக்குத் தெரியாமல், இரண்டு பிள்ளைகளின் பேரையும். மேடம் தோய்ரோன் வேறு இரண்டு வீட்டில் வாங்கினார், அவர்கள் உருளைக்கிழங்கு போடுகிற குடும்பங்கள், கடலோடு சம்பந்தமில்லை.

மத்தியானம் பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போய் டெஸ்ஸாவின் பேரைக் கொடுத்தேன். ஆக மொத்தம் ஐந்து.

சாப்பிடும்போது லோவெலிடம் சொன்னேன். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"நாளைக்குக் காத்து விழுதுன்னு சொல்றாங்க. நாளைக்கு நான் போறேன்."

"தெரியும்."

"ஒரே ஒரு நாள் பொறுக்க முடியலையா உனக்கு?"

டெஸ்ஸா தட்டைப் பார்த்தபடி இருந்தாள். அவளை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம் இரண்டு பேரும்.

மே 4

விடிகிறபோதே காற்று விழுந்துவிட்டது. கடல் வழித்து விட்ட மாதிரி இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

பாதிரியார் வழக்கம்போலப் படகுகளுக்கு ஜெபம் செய்தார். எல்லாப் படகும் ஒன்றின் பின் ஒன்றாகக் கூடு இறக்கப் போயிற்று. லோவெல் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் எப்போதும் பார்ப்பதில்லை, அதுவும் வழக்கம்தான். ஆனாலும் இன்று பார்த்திருக்கலாம். அவன் திரும்பி வருகிறவரை துறையைவிட்டு அசையவில்லை. யாரோ தோளில் போர்வை போட்டார்கள், யார் என்று பார்க்கவில்லை.

வந்துவிட்டான். ஒரு கீறல்கூட இல்லை.

மே 6

முதல் தூக்கு. நேற்று ஞாயிறு, யாரும் போகவில்லை. இன்று ஒவ்வொரு கூடும் நிறைந்து வந்ததாம், இப்படி ஒரு தூக்கு லோவெல் கண்டதில்லையாம். ஆட்கள் படகிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

நேரே பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார்கள், பூட்ஸ்கூடக் கழற்றாமல். பெர்னிஸின் மருமகன், கேரி ஆனின் புருஷன், எல்லோரும். சொன்ன சொல் தப்பவில்லை ஒருத்தர்கூட. பதினெட்டுப் பேர் ஆயிற்று. அலுவலகத்துப் பெண் எல்லாப் பேரையும் எழுதிக்கொண்டு, தரையைத் துடைத்தாளாம்.

மே 7

மிஸ் பென்ரோஸ் கூப்பிட்டாள். பதினெட்டுப் பேர் வந்தது தனக்கே கஷ்டமாக இருக்கிறது என்றாள். மேடம் தோய்ரோனை வெள்ளிக்கிழமை மாலையே டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிவிட்டார்களாம். டீச்சர் இல்லாமல் வகுப்பு இல்லை. அடுத்த வருஷம் என்று கேட்டேன். இந்த வருஷம் நின்றால் பட்டியலிலிருந்தே போய்விடும் என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம் அவள். சொல்லவில்லை.

மே 8

வாசலில் ஒரு பெட்டி சிங்கி இறால். யார் வைத்தது என்று தெரியவில்லை. மத்தியானம் இன்னொன்று.

மே 9

இன்னும் இரண்டு பெட்டி. இந்த ஊரில் வருத்தம் தெரிவிக்கிறவர்களுக்கு வேறு வழி தெரியாது. சாவு வீட்டில் செய்வதைப் போலச் செய்கிறார்கள். வேகவைத்து, ஓடு உடைத்து, டப்பாவில் அடைத்து வைத்தேன். வாயில் வைக்கவில்லை.

மே 19

கிராண்ட் போன் செய்தான். டவுன் பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பு இருக்கிறது, ஆனால் நம்ம பக்கம் பஸ் வராது, ஒரு மணி நேரம் வண்டி ஓட்டணும், என் கண்ணுக்கு நெடுஞ்சாலை ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், லோவெலால கடலையும் கொட்டகையையும் விட்டு தினமும் வர முடியாது, நீ வந்து ஒரு வருஷம் இருடா என்று கேட்டேன். கேட்டேனே தவிர பதில் எனக்கே தெரியும். "அம்மா, பிரெஞ்சை வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணப்போறா?" என்றான்.

அவனா கேட்கிறான் இதை. அவனா.

போனை டெஸ்ஸாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் ருபார்ப் பாத்தியில் களை பிடுங்கினேன். களை ஒன்றும் இல்லை.

ஜூன் 20

மேடம் தோய்ரோன் விடைபெற வந்தார். பிஸ்கட் சுட்டு வைத்திருந்தேன். டவுனில் வீடு பார்த்தாயிற்றாம். டெஸ்ஸாவிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். டெஸ்ஸா ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். மேடம் மறுபடி பிரெஞ்சில் கேட்டார், இவள் மறுபடி ஆங்கிலத்தில். அப்புறம் அவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்.

அவர் காரில் ஏறும்போது நான் சொன்னேன், எங்கள் ஊரை மன்னித்துவிடுங்கள் என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ஊர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதே என்றார். அதுதான் உறுத்துகிறது.

ஜூலை 8

மழை. லோவெல் என்னோடு மறுபடி பேசுகிறான் இப்போதெல்லாம். உருளைக்கிழங்கு நன்றாக இருக்கிறது என்றான்.

செப்டம்பர் 5

பள்ளிக்கூடம் திறந்தது. டெஸ்ஸா சாதாரண ஏழாம் வகுப்பில். பிரெஞ்சு ஒரு பீரியடாம், டீச்சர் இல்லாததால் படம் போட்டுக் காட்டினார்களாம். எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு பாட்டி. கஷ்டமே இல்ல" என்றாள்.

கஷ்டம் வேண்டுமென்றுதானே கேட்டாள் குழந்தை.

நவம்பர் 17

பெர்னிஸோடு பிங்கோ ஆட்டம். வகுப்பைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை. யார்மேலாவது கோபப்பட முடிந்தால் ராத்திரி தூங்கிவிடுவேன்.

ஜனவரி 23

டெஸ்ஸா கொட்டகையிலேயே இருக்கிறாள், பள்ளிக்கூடம் விட்டதும். லோவெல் அவளுக்குச் சிங்கிக் கூடுகளுக்கான வலை பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறான். இவ கை வேகம் எனக்கு வராதும்மா என்று சந்தோஷமாகச் சொன்னான். முடிச்சுகளைப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கின்றன, ஒன்றுகூடத் தளரவில்லை. அவள் எதைத் தொட்டாலும் அப்படித்தான் வரும். எனக்கு அது முன்பே தெரியும்.

ஏப்ரல் 12

கூட்டுறவுக் கடைக்கு டெஸ்ஸாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சனிக்கிழமைகளில் படகில் வந்து சிங்கிகளின் கொடுக்குகளுக்கு ரப்பர் வளையம் மாட்டட்டும் என்று லோவெல் கேட்டிருந்தான், அவளும் சரி என்றுவிட்டாள். ரப்பர் உடுப்பு வேண்டும், மேலுக்கும் காலுக்கும். ஆரஞ்சு நிறத்தில் அவளுக்குப் பொருந்துகிற அளவில் ஒன்று எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தாள். ஆலைக்குப் போன முதல் நாள் எனக்கு வயசு பதினொன்று, இவளுக்குப் பதிமூன்று.

"அழகா இருக்குடி" என்றேன்.

அவள் கழற்றி மடித்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "இதைவிடப் பெருசா எடு பாட்டி. ரொம்ப வருஷம் போடணும்ல."

பெரியதாகவே வாங்கினேன்.